கே நிறத்து ஏழு கல் தோடு

கறம்பக்குடியில் பெண் பார்த்துவிட்டு ஆதனக்கோட்டைக்குத் திரும்பும் காரில்தான் அந்த வார்த்தை என் வாயிலிருந்து வந்தது. என் மகன் செம்மலுக்கு வைஷ்ணவியைப் பேசி முடித்திருந்தோம். அடுத்த மாதம் வளர்பிறையில் பூ வைப்பது என்று முடிவாகியிருந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் தாய்தான் பெண்ணின் தலையில் முதல் பூவை வைப்பாள். பெண் உட்கார்ந்திருப்பாள், மாமியார் குனிவாள். அந்த நேரத்தில் சுற்றி நிற்கும் பெண்கள் பூவைப் பார்ப்பதில்லை. குனிகிறவளின் காதைப் பார்ப்பார்கள்.

"பூ வைக்கிறப்ப ஏழு கல் வைரத்தோடு போட்டுத்தான் வைப்பேன். சீட்டு எடுத்த பணம் இருக்கு," என்றேன்.

முன் சீட்டிலிருந்து ராஜலட்சுமி திரும்பினாள். என் கணவர் மலையாண்டிக்குத் தங்கை. திருச்சியில் குடியிருக்கிறாள். கார் அவளுடையது.

"சீட்டு எவ்வளவுக்குப் போட்டீங்க அண்ணி?"

சொன்னேன். அவள் மனதுக்குள் வகுத்துப் பார்த்தாள். அது முகத்தில் தெரிந்தது.

"அந்தக் காசுக்கு நெறமே இல்லாத ஈ-எஃப் கல்லு எடுத்தா கடுகாட்டம்தான் வரும். தூரத்துல நின்னு பாத்தா, காதுல என்ன வேர்வையான்னு கேப்பாங்க. எதுக்கு இந்த வம்பு? என்கிட்ட ரெண்டு ஜோடி இருக்கு. ஒண்ண எடுத்தாரேன். போட்டுட்டு முடிஞ்சதும் குடுத்துருங்க."

"நல்ல யோசனையாத்தான் இருக்கு செல்வி," என்றார் என் கணவர் என் பக்கம் திரும்பி.

ராஜலட்சுமி கெட்டவள் இல்லை. கேட்காமலே கொடுப்பாள். ஆனால் கொடுத்ததை ஊருக்குச் சொல்லாமல் அவளுக்குத் தூக்கம் வராது. போன வருடம் என் ஓரகத்திக்கு ஒரு பட்டுப் புடவை இரவல் கொடுத்தாள். கிரகப்பிரவேச வீட்டில் பந்தி நடுவே நின்று, "என் புடவை ஒனக்கு எடுப்பாத்தான் இருக்கு. ரசத்தப் பாத்து ஊத்திக்க," என்றாள். ஓரகத்தி அன்று ரசமே ஊற்றிக்கொள்ளவில்லை.

என் மருமகள் தலையில் நான் பூ வைக்கும்போது, பின்னாலிருந்து "அது என் தோடுதான்" என்று ஒரு குரல் வருவதை நினைத்துப் பார்த்தேன். சம்பந்தி வீட்டில் முதல் நாளே இரவல் காதோடு நிற்பதா? அதற்கு வெறுங்காதோடு நிற்கலாம்.

"வேணாம் ராஜி. நானே எடுத்துருவேன்," என்றேன்.

"சரி அண்ணி. எதுக்கும் நான் பையில போட்டுக் கொண்டாரேன். தேவைன்னா கேளுங்க."

அந்தத் தோட்டுப் பெட்டி அன்றைக்கே எனக்குப் பகையாகிவிட்டது.

என்னைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். நான் ஆதனக்கோட்டையில் தஞ்சாவூர் சாலையோரம் முந்திரிக் கடை வைத்திருக்கிறேன். கொட்டையைச் சுட்டு, உடைத்து, தோல் உரித்து, நிறம் பிரித்து விற்பது எங்கள் தொழில். வெள்ளை முழுப்பருப்புக்கு ஒரு விலை. நிறம் லேசாக மங்கியிருந்தால் மங்கல்; அதற்கு ஒரு விலை. சூட்டில் சிவந்ததற்கு ஒரு விலை. டியூப் லைட்டில் எல்லாப் பருப்பும் வெள்ளையாகத்தான் தெரியும். அதனால் வாசலில் வெள்ளைத் துணி விரித்து, வெயில் நேராக விழாத வெளிச்சத்தில் பிரிப்பேன். கை நிறைய அள்ளிப் போட்டாலும் அதில் ஒரு மங்கல் இருந்தால் என் கண் அதில் போய் நிற்கும். வைரம் எடுக்க இந்தக் கண் போதும் என்றுதான் நம்பிப் போனேன். கடைசியில் இந்தக் கண்தான் எனக்கு முதல் இடைஞ்சலாக வந்தது.

புதுக்கோட்டையில் உடையப்பன் என்பவர் மாடியில் ஓர் அறை வைத்து வைரம் விற்கிறார். திருமயம் பக்கத்துக்காரர். அவர்கள் வீட்டுக் கல்யாணங்களுக்கு முந்திரி என் கடையிலிருந்துதான் போகும். அந்தப் பழக்கத்தில் அவரிடம் போனேன். மேசைக்கு மேலே விளக்குகள் பளீரென்று எரிந்தன. பொட்டலத்தைப் பிரித்தார். கல் எல்லாம் பற்றி எரிவதுபோல் மின்னின.

"லைட்ட அணைச்சிட்டு ஜன்னல் பக்கம் கொண்டாங்க," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே அணைத்தார். "எல்லாரும் லைட்டப் போடச் சொல்லுவாக. நீங்க அணைக்கச் சொல்றீக."

வைர நிறத்துக்கு ஆங்கில எழுத்தில் தரம் வைத்திருக்கிறார்கள். டி-யில் தொடங்கி இசட் வரை போகும். டி, ஈ, எஃப் மூன்றும் நிறமே இல்லாதவை. ஜி முதல் ஜே வரை ஏறக்குறைய வெள்ளை. கே-யில் மஞ்சள் லேசாக எட்டிப் பார்க்கும். அப்புறம் எழுத்து இறங்க இறங்க மஞ்சள் ஏறும், விலை இறங்கும். எங்கள் ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் தெரிந்தது ஈ-எஃப் என்ற ஒரே வார்த்தைதான். கடைக்குள் நுழையும்போதே அதைச் சொல்லிக்கொண்டு நுழைவார்கள்.

உடையப்பன் வெள்ளைத் தாளை மடித்து, அந்த மடிப்பில் கற்களைத் தலைகீழாக, கூர் மேலே பார்க்க வரிசையாக வைத்தார். மேலிருந்து பார்த்தால் மின்னல் கண்ணை ஏமாற்றும், கவிழ்த்து வைத்துப் பக்கவாட்டில் பார்த்தால்தான் நிறம் தெரியும் என்றார்.

முதல் வரிசை ஈ-எஃப். தண்ணீர் மாதிரி இருந்தது. ஆனால் என் பணத்துக்கு வரக்கூடியது ராஜலட்சுமி சொன்ன அதே கடுகுதான். இரண்டாவது வரிசை கே. ஒவ்வொன்றும் நல்ல பருமன், மிளகை ஒட்டிய அளவு. ஆசையாகக் குனிந்தேன். குனிந்ததுமே தெரிந்துவிட்டது.

"இது மங்கல்ங்க."

"மேலருந்து பாருங்க. காதுல போட்டா யாருக்கும் தெரியாது."

"யாருக்குத் தெரியாட்டி என்ன? எனக்குத் தெரியுதே."

"ஆத்தாடி, இப்படி ஒரு கண்ண வச்சிக்கிட்டு வைரம் வாங்க வந்தா நான் எப்படி யாவாரம் பண்றது?" என்றார். பிறகு இரண்டு பொட்டலத்தையும் மடித்து என் பக்கம் தள்ளினார். "ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டு போங்க. மூணு நாள் வச்சுப் பாருங்க. ராசியையும் பாருங்க, நெறத்தையும் பாருங்க."

வைரத்தை வாங்குவதற்கு முன் வீட்டில் வைத்துப் பார்ப்பது எங்கள் பக்கம் வழக்கம். கல் ஒத்துக்கொண்டால் நல்லது நடக்கும், ஒத்துக்கொள்ளாவிட்டால் ஏதாவது உடையும் என்பார்கள். இரண்டு பொட்டலத்தையும் மஞ்சள் துணியில் முடிந்து சாமி அலமாரியில் குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அன்று சாயந்தரமே தோட்டத்து மோட்டார் எரிந்துபோனது.

"நான் சொன்னேன்ல?" என்றார் என் கணவர். அவர் எதுவும் சொல்லியிருக்கவில்லை. "கல்லு வீட்டுக்குள்ள கால் வச்ச அன்னிக்கே காயில் போச்சு. எந்தப் பொட்டலம்னு பாத்து திருப்பிக் குடுத்துரு."

"எந்தப் பொட்டலம்னு மோட்டார்கிட்டதான் கேக்கணும்," என்றேன்.

செம்மல் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, "அது போன வாரமே பொகைஞ்சுச்சுப்பா. நீங்கதான் ஓடுற வரைக்கும் ஓடட்டும்னீங்க," என்றான்.

மறுநாள், மோட்டாருக்கு வாரண்டி இருக்கிறது, காசில்லாமலே கட்டித் தருகிறேன் என்று கடைக்காரர் போனில் சொன்னார். என் கணவர் உடனே சாமி அலமாரிப் பக்கம் பார்த்து, "ராசியான கல்லுதான்," என்றார்.

ராசி என் கவலை இல்லை. இரண்டு பொட்டலத்தையும் கடைக்கு எடுத்து வந்து, வெள்ளைத் துணியில் தனித்தனியாகக் கொட்டி, பருப்பைப் பிரிப்பதுபோல் பார்த்தேன். ஈ-எஃப் வெள்ளை முழுப்பருப்பு. கே மங்கல். எப்படித் திருப்பினாலும் மங்கல். கடுகை வாங்கினால் ராஜலட்சுமி சொன்னது நடக்கும். மிளகை வாங்கினால் என் கண்ணே என்னைக் குத்திக்காட்டும். இரண்டும் வேண்டாம் என்றால் அவள் பையிலிருக்கும் பெட்டி. கற்களை அள்ளி முடிந்துகொண்டேன்.

அப்போது சமையல்காரர் பிச்சைமுத்து வண்டியை நிறுத்தினார். கந்தர்வகோட்டையில் ஒரு கல்யாணமாம்.

"வெள்ளை முழுசுல அஞ்சு கிலோ போடுங்கக்கா. பெரிய எடத்துக் கல்யாணம்."

"எதுக்கு? தட்டுல வைக்கவா, பாயசத்துக்கா?"

"பாயசத்துக்குத்தான்."

"பாயசத்துக்கு எதுக்குய்யா வெள்ளை? நெய்யில போட்டா எல்லாம் ஒரே நெறந்தான். வெள்ளைய வாங்கி நீயே செவக்க வைக்கப் போற. மங்கல எடுத்துக்க, மிச்சக் காசுக்கு ரெண்டு கிலோ கூட வாங்கிப் போடு. எலையில பருப்பு நெறைய விழுந்தா..."

தராசுக் கரண்டி கையிலேயே நின்றுவிட்டது. இதே வார்த்தையை நான் வருடக்கணக்காகப் பாயசத்துக்கு வாங்க வருகிற எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். என் காதுக்கு மட்டும் சொல்லவில்லை.

"என்னக்கா, வெலைய மறந்துட்டீங்களா?" என்றார் பிச்சைமுத்து.

"இல்லய்யா. ஞாபகம் வந்துருச்சு."

அவருக்கு எடை போட்டு அனுப்பிவிட்டு வீட்டுக்குப் போனேன். என்னிடம் ஒரு பழைய ஏழு கல் தோடு உண்டு. தங்கம்தான், கல் மட்டும் சாதாரண வெள்ளைக் கல். ஒன்றில் இரண்டு கல் உதிர்ந்து பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பள்ளம் இருக்கும். எங்கள் பக்கத்துத் தோடு எல்லாம் பின்புறம் மூடிய கட்டு. கல் உட்காருகிற பள்ளமே தங்கக் குழி. ஒரு குழியில் ஈ-எஃப் கல்லை வைத்தேன். கொஞ்சம் ஆடியது. மற்றதில் கே கல்லை வைத்தேன். வாசலுக்கு எடுத்து வந்தேன்.

தாளில் தண்ணீராக இருந்த ஈ-எஃப் தங்கத்துக்குள் போனதும் தங்கத்தின் மஞ்சளைக் குடித்துக்கொண்டது. பக்கத்தில் கே-யும் அதே மஞ்சளில் உட்கார்ந்திருந்தது. எது விலை கூடியது, எது குறைந்தது என்று நானே ஒரு முறை இடம் குழம்பினேன். அப்படிக் குழம்பியது எனக்குப் பெரிய சந்தோஷமாக இருந்தது.

"இங்கிட்டு வாங்க. இதுல எது வெள்ளை?" என்று கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதுதான். பெருசு. நல்லா பளிச்சுன்னு இருக்கு." கே கல்லைத் தொட்டார்.

வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்ததுதான் என் தப்பு. காதில் வெள்ளைத் தாளையா மாட்டிக்கொள்ளப் போகிறேன்?

மூன்றாம் நாள் உடையப்பனிடம் போய், கே நிறத்துக் கல் இருப்பதையெல்லாம் எடுக்கச் சொன்னேன். ஜன்னலோரம் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தேன். மின்னல் மந்தமாக இருந்ததை முதலில் தள்ளினேன். நிறம் குறைந்தால் தங்கம் மறைத்துவிடும், மின்னலைத் தருகிற வெட்டு குறைந்தால் மறைக்க ஆள் கிடையாது. அடுத்து நிறத்தில் முந்திப் போனதையும் பிந்தி நின்றதையும் ஒதுக்கினேன். அதில் ஒன்று மற்றவற்றைவிட நல்ல வெள்ளை. அதையும் தள்ளினேன்.

உடையப்பன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். "இது ஹெச்-சா இருக்கும். தெரியாம இந்தப் பொட்டலத்துல விழுந்துருக்கு. கே வெலைக்கே தாரேன், வச்சுக்கங்க."

"வேணாம்."

"சும்மா வாரதையும் வேணாங்குறீக."

"ஒண்ணு மட்டும் வெள்ளையா நின்னா பக்கத்துல இருக்கிற ஆறும் மஞ்சளாயிரும். எல்லாம் ஒரே நெறமா இருந்தா யாரும் நெறத்தப் பத்திப் பேச மாட்டாங்க."

அவர் அந்தக் கல்லைத் தனியாக மடித்து வைத்துக்கொண்டார்.

பழைய தோட்டுத் தங்கத்தையே உருக்கி, மூடிய கட்டாக, மஞ்சள் தங்கத்தில் மட்டும் செய்யச் சொன்னேன். கல்லைச் சுற்றி வெள்ளை முலாம் பூசினால் எடுப்பாக இருக்கும் என்று அவருடைய ஆசாரி சொன்னதற்குத் தலையை ஆட்டி மறுத்தேன். வெள்ளைக்குப் பக்கத்தில் வைத்தால் குட்டு வெளிப்படும்.

பில் போடும்போது உடையப்பன் பேனாவை நிறுத்தினார். "நெறத்துல என்ன எழுத? சில பேரு வீட்டுல காட்டணும்னு ஒசத்தி எழுதச் சொல்லுவாக. நான் எழுதுறதில்ல. இருந்தாலும் கேட்டுக்கிறது."

"கே-ன்னே எழுதுங்க. என் கடையில மங்கல் பாக்கெட்டுல வெள்ளைன்னு ஒட்டுறதில்ல."

பூ வைக்கும் நாள் வந்தது. கறம்பக்குடியில் சின்ன மண்டபம். முற்பகல் வெயில் ஜன்னல் வழியாக நாற்காலிகள் மேல் விழுந்திருந்தது. நாங்கள் தட்டுகளோடு இறங்கும்போதே ராஜலட்சுமி எதிரே வந்தாள். கை, பைக்குள் இருந்தது.

"அண்ணி, ரூமுக்குள்ள வாங்க, மாட்டி விடுறே..." என்று ஆரம்பித்தவள், என் முகத்தின் ஒரு பக்கத்தைப் பார்த்தாள். பிறகு மறுபக்கத்தைப் பார்த்தாள். பைக்குள் போன கை வெறுங்கையாக வெளியே வந்தது.

"எப்ப எடுத்தீங்க?"

"அப்புறம் சொல்றேன். பூத்தட்ட எடு."

வைஷ்ணவி மணையில் உட்கார்ந்திருந்தாள். மல்லிகையும் கனகாம்பரமும் சேர்த்துக் கட்டிய சரத்தை எடுத்துக் குனிந்தேன். நினைத்தது சரிதான். பூவை ஒருத்தியும் பார்க்கவில்லை. சுற்றியிருந்த பேச்சு கொஞ்சம் குறைந்தது. சரத்தைச் சொருகி, ஊசி குத்தி, நிதானமாகவே நிமிர்ந்தேன். நிதானத்துக்கு அன்று எனக்கு உரிமை இருந்தது.

பெண்ணின் பெரியம்மா ஆவுடையாள்தான் முதலில் கேட்டார். "தோடு புதுசா சம்பந்தி? நல்ல கல்லா இருக்கே. மெட்ராஸ்ல எடுத்ததா?"

"இங்கதாங்க, புதுக்கோட்டையில."

ராஜலட்சுமிக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. "என்ன கலர் அண்ணி? இந்த சைசுல ஈ-எஃப் எடுக்கணும்னா சீட்டுக் காசு பத்தாதே."

நாலைந்து தலைகள் என் பக்கம் சாய்ந்தன. ஈ-எஃப் என்று சொல்லியிருந்தால் அங்கே யாராலும் மறுத்திருக்க முடியாது.

"கே," என்றேன்.

"கே-யா?" ராஜலட்சுமி குரலில் சந்தோஷமா, ஏமாற்றமா என்று பிரிக்க முடியவில்லை. "அது மஞ்சக் கல்லுல்ல?"

"அப்ப மட்டமா?" என்றார் ஆவுடையாள்.

"நெறத்துல மட்டந்தாங்க. வெட்டுல மட்டமில்ல. நெறத்துக்குக் குடுக்குற காச கல்லோட பருமனுக்குக் குடுத்தேன். தங்கத்துக்குள்ள போயி உக்காந்த பொறகு எல்லாக் கல்லுக்கும் தங்கத்து நெறந்தான்." பிறகு ராஜலட்சுமியின் கையைப் பிடித்தேன். "ராஜி, ஒன் காத இங்கிட்டுக் கொண்டா."

ஜன்னல் ஓரம் அவளை இழுத்து நிறுத்தி, அவள் கன்னத்தோடு என் கன்னத்தை வைத்தேன். அவள் இடது காதும் என் வலது காதும் பக்கத்தில் பக்கத்தில். அவள் தோடு ஈ-எஃப், அதில் பொய்யில்லை.

"நீங்களே சொல்லுங்க," என்றேன் ஆவுடையாளிடம். "எது வெள்ளை?"

ஆவுடையாள் கிட்டே வந்தார். வெயிலை மறைக்காமல் ஒதுங்கி நின்று பார்த்தார். பின்னால் நின்ற பெண்களும் எட்டிப் பார்த்தார்கள். ராஜலட்சுமி மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது என் கன்னத்தில் தெரிந்தது.

"வெள்ளை எதுன்னு தெரியல," என்றார் ஆவுடையாள். "பெருசு எதுன்னு தெரியுது."

மண்டபமே சிரித்தது. மணையில் உட்கார்ந்திருந்த வைஷ்ணவி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள். நான் வைத்த பூ ஆடியது. ராஜலட்சுமியும் சிரித்தாள். அவளால் சிரிக்காமல் இருக்க முடியாது, அது அவள் நல்ல குணம். ஆனால் அன்று முழுவதும் யாரிடமும் தன் தோட்டைப் பற்றிப் பேசவில்லை. ஆவுடையாள் பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, கே-க்கும் எல்-லுக்கும் எவ்வளவு வித்தியாசம், கவிழ்த்துப் பார்ப்பது எப்படி என்று ரசம் ஆறும் வரை கேட்டுக்கொண்டிருந்தார். மூத்த பேத்திக்குக் கல்யாணம் வருகிறதாம்.

திரும்பும்போது ராஜலட்சுமியின் காரில்தான் வந்தோம். அவள் பை எங்கள் இருவருக்கும் நடுவே இருந்தது. பெட்டி அதற்குள்தான் இருக்கும். காது கனமாக இருந்தது. புதுத் திருகு கொஞ்சம் வலித்தது. அந்த வலி எனக்குப் பிடித்திருந்தது.

ஆதனக்கோட்டையில் கடைக்கு முன்னால் வண்டி நின்றது. ராஜலட்சுமியும் இறங்கினாள்.

"வெள்ளிக்கிழமை வீட்டுல சாமி கும்புடுறோம் அண்ணி. முந்திரி ஒரு கிலோ போடுங்க."

அவள் எப்போதும் வெள்ளை முழுப்பருப்புதான் வாங்குவாள். அந்தப் பாத்திரத்தை இழுத்தேன்.

"அது வேணாம்," என்றாள். என் காதை ஒரு தடவை பார்த்தாள். "பாயசத்துக்குத்தான். மங்கலே போடுங்க."

எடை போட்டேன். முள் நேரே நின்ற பிறகு, மேலே ஒரு கை அள்ளிப் போட்டேன்.